45 நிமிட டேப்பில் ஒரே ஒரு பெயரைத் தேடுவது எப்படி?

3 ஆகஸ்ட் 2024, சனி, இரவு 9.40 (கேள்வி)

அண்ணே, பாட்டி பாடிய டேப்பைக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு பக்கம் 45 நிமிடம். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் மொத்தமும் ஒரு நீலக் கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல இருக்கிறது. பெரிதாக்கினால் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. சிறிதாக்கினால் எதுவுமே தெரியவில்லை. பாட்டுக்கு நடுவில் பாட்டி என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். அம்மாவுக்கு அந்த ஓர் இடம் போதுமாம். எப்படிப் போய்ச் சேர்வது? மலேசியா, பாகான் செராயிலிருந்து கேட்கிறேன்.

3 ஆகஸ்ட், இரவு 11.15

கடையை இப்போதுதான் சாத்தினேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு 1 தட்டினால் பெரிதாகும். 3 தட்டினால் சிறிதாகும். 2 தட்டினால் வழக்கமான அளவு. கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்துத் தட்டினால் 45 நிமிடமும் திரை அகலத்துக்குள் அடங்கிவிடும். மவுஸால் ஒரு துண்டை இழுத்துத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-ஈ தட்டினால் அந்தத் துண்டு மட்டும் திரை முழுக்க விரியும்.

இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், நிரை (மர வரிசை) தவறிப் போனவன் என்ன செய்வான்? காட்டுக்குள்ளேயே சுற்றமாட்டான். ரோட்டுக்கு வந்து, தன் நிரையை எண்ணி, மறுபடி நுழைவான். கண்ட்ரோல்-எஃப் ரோடு, கண்ட்ரோல்-ஈ நிரை. தொலைந்துவிட்டோம் என்று தோன்றினால் அங்கேயே நின்று 3, 3, 3 என்று தட்டாதீர்கள், நேராக எஃப்.

4 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 7.05

பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கம்பளிப்பூச்சி மனதைவிட்டுப் போகவில்லை, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

45 நிமிடம் என்றால் 2700 விநாடி. உங்கள் திரையில் அலை வரையும் இடம் 1350 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு 2 விநாடி. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அலையின் உயரத்தை அளந்த எண்கள்) வீதம் பதிந்திருந்தால், அந்த ஒரு பிக்சலுக்குப் பின்னால் 88,200 எண்கள் நிற்கின்றன. ஒரு பெயரைக் கூப்பிட அரை விநாடி ஆகுமா? அப்படியென்றால் உங்கள் அம்மா பெயர் கால் பிக்சல். கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு பிக்சலில் மென்பொருள் வரைவது 2 விநாடிக்குள் அலை தொட்ட உச்சியையும் அடியையும். அதனால் யாராவது ஒருமுறை இருமினால் கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், பாட்டி மெல்லச் சொன்ன ஒரு முழு வாக்கியம் அந்த இருமலுக்குள்ளே ஒளிந்துவிடும். நீலத்துக்குள்ளே இன்னொரு வெளிர்நீலம் தெரிகிறதா? வெளியே இருப்பது உச்சம், உள்ளே இருக்கும் வெளிர்நீலம் சராசரி வலு. இருமலில் வெளிர்நீலம் ஒல்லியாக இருக்கும், பாட்டில் தடிமனாக இருக்கும். முழு டேப்பையும் சிறிதாக்கிப் பார்க்கும்போது பாட்டு எது, சத்தம் எது என்று பிரிக்க எனக்கு உதவுவது இந்த வெளிர்நீலம்தான்.

அப்புறம் ஒன்று. கோடு தட்டையாக இருக்கும் இடங்களில் ஒன்றும் இல்லை, அவற்றை அழித்துவிட்டால் தேட வேண்டிய நீளம் குறையும்.

(17 ஆகஸ்ட் சேர்த்தது: மேலே உள்ள கடைசி வரியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். காரணம் கீழே.)

4 ஆகஸ்ட், மதியம் 1.30

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார், மவுஸ் சக்கரம் போதாதா என்று. போதும். கண்ட்ரோலை அழுத்தியபடி சக்கரத்தை உருட்டினால் அம்புக்குறி நிற்கும் இடத்தை மையமாக வைத்துப் பெரிதாகும். ஷிப்டை அழுத்தியபடி உருட்டினால் இடமும் வலமும் நகரும். என் சக்கரம் தேய்ந்துபோய், ஒருமுறை உருட்டினால் மூன்று படி தாவுகிறது. அதனால்தான் கீபோர்டைப் பிடித்துத் தொங்குகிறேன்.

7 ஆகஸ்ட், புதன், இரவு 10.20

பெரிதாக்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், முதல் வேலை அது இல்லை. முதலில் டேப்பை ஒருதடவை முழுசாகக் கேட்க வேண்டும். 45 நிமிடம்தானே. துணி மடித்துக்கொண்டே கேட்கலாம்.

ஆனால் சும்மா கேட்கக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல்-எம் தட்டுங்கள். அந்த நொடியில் ஒரு அடையாளச் சீட்டு விழும், டேப்பை நிறுத்த வேண்டியதில்லை. "தாலாட்டு", "நாய்", "கதவு", "யாரோ ஆண் குரல்" என்று ஒரு சொல் எழுதி எண்டர் தட்டுங்கள். கேட்டு முடிக்கும்போது உங்களிடம் ஒரு வரைபடம் இருக்கும். அதன் பிறகு அலையைப் பார்த்துத் தடவ வேண்டாம், சீட்டைச் சொடுக்கினால் அங்கே போய் நிற்கும்.

எண்டர் தட்ட மறக்காதீர்கள். சீட்டு திறந்தே கிடந்தால் தட்டுவதெல்லாம் அதற்குள்தான் விழும். ஓட்டத்தை நிறுத்தலாம் என்று ஸ்பேஸ் தட்டினேன், நிற்கவில்லை. மறுபடி தட்டினேன், தொடக்கத்துக்குப் போக ஜே தட்டினேன், முடிவுக்குப் போக கே தட்டினேன். பிறகு பார்த்தால் சீட்டில் "மாமா சிரிப்பு" என்பதற்குப் பக்கத்தில் ஜேயும் கேயும் வரிசையாக நிற்கின்றன. மாமா உண்மையிலேயே அப்படித்தான் சிரிப்பார், அது வேறு விஷயம்.

10 ஆகஸ்ட், சனி, இரவு 8.50

கேள்வி கேட்ட தங்கை ஒரு படம் அனுப்பினார். டேப் பெட்டிக்குள் இருக்கும் அட்டை. அவருடைய தாய்மாமா பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறார்: "பக்கம் 2. 000 தாலாட்டு. 141 பேச்சு. 285 அக்கா பேர்."

அக்கா பேர்! மாமாவுக்கு அக்கா, தங்கைக்கு அம்மா. எழுபதுகளிலேயே மனுஷன் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறார், நாம்தான் கண்ட்ரோல்-எம் என்று பெருமையடிக்கிறோம்.

அந்த எண்கள் டேப் ரெக்கார்டரில் சுழலும் மூன்று இலக்க எண்கள். நல்லவேளை, மாமாவின் அதே ரெக்கார்டர் பெட்டி இன்னும் ஓடுகிறது. கடைசிவரை ஓட்டிப் பார்த்தாராம், 571-இல் நின்றதாம். 571-இல் பாதி 285. ஆக 45 நிமிடத்தில் பாதி, 22 நிமிடம் 30 விநாடி. திரைக்குக் கீழே நேரம் காட்டும் பெட்டியில் 22-ஐயும் 30-ஐயும் தட்டுங்கள். திரை அங்கே நகரவில்லை என்றால் கண்ட்ரோலுடன் இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டுங்கள், அந்த இடம் நடுவுக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கேளுங்கள்.

முடிந்தது வேலை.

11 ஆகஸ்ட், ஞாயிறு, மாலை 6.00

முடியவில்லை. 22.30-இல் சேவல்தான் கூவுகிறதாம். ஐந்து நிமிடம் முன்பின் கேட்டும் பேர் இல்லை.

12 ஆகஸ்ட், திங்கள், காலை 5.20

தூக்கம் வராமல் எழுந்து கடையில் இருந்த ஒரு பழைய டேப்பைப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருந்தபோது உறைத்தது. நான் சொன்ன கணக்கு தப்பு. வெட்கமாக இருக்கிறது, எட்டு வயதில் இந்தப் பென்சிலைச் சுற்றாதவன் நம் தலைமுறையில் யார்?

அந்த எண் நேரத்தை எண்ணவில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை எண்ணுகிறது. டேப் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும், விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஆனால் டேப்பைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம் தொடக்கத்தில் ஒல்லி, வேகவேகமாகச் சுற்றும். போகப்போகக் குண்டாகும், மெதுவாகும். ஆகவே முதல் 285 எண்கள் சீக்கிரம் ஓடிவிடும், அடுத்த 285 எண்கள் இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்தின் நடுக்குமிழ் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டம், 90 நிமிட டேப்பின் தடிமன் சுமார் 0.012 மில்லிமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், பாதி எண்ணுக்கு வரும் நேரம் 22.30 இல்லை, ஏறக்குறைய 18 நிமிடம். நாலரை நிமிடம் தள்ளித் தேடச் சொல்லியிருக்கிறேன். சேவலைக் கேட்கவைத்ததற்கு மன்னிக்கவும்.

18-ஐச் சுற்றி இரண்டு நிமிடம் முன்பின் பாருங்கள்.

12 ஆகஸ்ட், மதியம் 2.10

"கணக்குப் போட்ட நேரத்துக்கு அந்தப் பெட்டியிலேயே 285 வரும்வரை ஓட்டிக் கேட்டிருக்கலாமே ஐயா" என்று தாப்பாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஆமாம். கேட்டிருக்கலாம்.

14 ஆகஸ்ட், புதன், இரவு 9.30

தங்கை கேட்டுவிட்டார். 18-ஐச் சுற்றியும் பேர் இல்லையாம். டேப்பை நேரடியாகப் பெட்டியில் போட்டு 285-இல் கேட்டால், ஏதோ தூரத்தில் முணுமுணுப்பு மாதிரி இருக்கிறது, சொல் பிரியவில்லை என்கிறார். கணினியில் அந்த முணுமுணுப்புகூட இல்லை.

பெட்டியில் இருப்பது கணினியில் எப்படி இல்லாமல் போகும்?

17 ஆகஸ்ட், சனி, இரவு 11.50

எப்படி என்று தெரிந்துவிட்டது. நான்தான்.

4-ஆம் தேதி காலை "கோடு தட்டையாக இருக்கும் இடங்களில் ஒன்றும் இல்லை, அழித்துவிடுங்கள்" என்று எழுதினேன் அல்லவா, தங்கை அன்று மாலையே அழித்துவிட்டார். அதே பெயரில் சேமித்தும் விட்டார். 45 நிமிடம் 38 ஆகிவிட்டது. அதனால் அவர் பார்த்த 18-ஆம் நிமிடமும் உண்மையான 18 இல்லை. என் ஒரு வரி இரண்டு விதத்தில் கெடுத்திருக்கிறது.

தட்டைக்கோடு ஏன் வெறுமை இல்லை என்பதைச் சரியாகவே சொல்கிறேன், கடனாவது தீரட்டும். திரையில் அலையின் உயரம் சாதாரணமாக நேர் அளவில் வரையப்படுகிறது. நம் காது அப்படிக் கேட்பதில்லை. உச்சத்தைவிட 40 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) தாழ்ந்த ஒரு குரலை அமைதியான அறையில் நன்றாகவே கேட்கலாம். ஆனால் 40 டெசிபல் தாழ்வு என்றால் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. நடுக்கோட்டிலிருந்து மேல் விளிம்புவரை 70 பிக்சல் இருந்தால், அந்தக் குரலுக்குக் கிடைப்பது ஒரு பிக்சல்கூட இல்லை. கோடு தட்டைதான். குரல் இருக்கிறது.

அதற்கு வழி பக்கவாட்டில் பெரிதாக்குவது இல்லை, உயரத்தில் பெரிதாக்குவது. இடது ஓரத்தில் செங்குத்தாக ஓர் அளவுகோல் இருக்கிறதே, அதில் வலது கிளிக் செய்து டெசிபல் அளவுக்கு மாற்றுங்கள். பழைய பதிப்பில் டிராக்கின் பெயரைச் சொடுக்கினால் வரும் மெனுவில் இருக்கும். கீழ் எல்லை 60 என்று இருந்தால், அதே 40 டெசிபல் தாழ்ந்த குரல் இப்போது மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு எழுந்து நிற்கும். 70-இல் 23 பிக்சல். டேப்பின் இரைச்சலும் கூடவே புல்தரை மாதிரி எழும், பயப்பட வேண்டாம்.

சத்தத்தையே கூட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். இது பார்வையை மட்டும் மாற்றுகிறது, பதிவைத் தொடவில்லை. பதிவைத் தொட்டு நான் செய்யவைத்தது போதும்.

டேப் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு தடவை ஏற்ற வேண்டியதுதான், 45 நிமிடம். இந்த முறை முதலில் ஏற்றிய கோப்பை வேறு பெயரில் பெண்டிரைவில் போட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 8.00

தங்கை கோபப்படவில்லை. "பரவாயில்லை அண்ணே, தாலாட்டை இன்னொரு தடவை கேட்டேன்" என்கிறார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

24 ஆகஸ்ட், சனி, இரவு 10.40

அவர் ஏற்றி முடிக்கும்வரை என் சொந்த டேப் ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் அக்கா கல்யாணம். ஒன்றும் இல்லாத ஓர் இடத்தில் கண்ட்ரோல்-1 தட்டிக்கொண்டே போனேன். தட்டைக்கோடு மெல்ல நெளிந்தது, பிறகு ஒழுங்கான அலையானது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் சரியாக 20 மில்லி விநாடி.

50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஐம்பது அலை. வீட்டு மின்சாரத்தின் முனகல். ஜெனரேட்டர் ஓடியதே, அதுதான். மாலை ஆறரைக்குப் போடுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். டேப்பில் ஓர் இடத்தில் இந்த நெளிவு திடீரென்று நின்றுவிடுகிறது, பத்து விநாடி கழித்து யாரோ "விளக்கைக் கொளுத்துடா" என்கிறார்கள். மணி பத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கரண்ட் போன பிறகும் டேப் ஓடியிருக்கிறது, ஆக பேட்டரியில்தான் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் முனகல் எப்படிப் புகுந்தது? மைக் கம்பி குழல்விளக்குக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும், அல்லது கோயிலிலிருந்து எடுத்துவந்த ஒலிபெருக்கியே முனகியிருக்கும். இதையே அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

இந்த அளவுக்குப் பெரிதாக்குவதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு: டேப்பில் விழும் 'டிக்' சத்தம். இன்னும் தட்டினால் கோடு உடைந்து புள்ளி புள்ளியாகிவிடும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாதிரி. அங்கே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ரிப்பேர் என்பதைக் கொடுத்தால் இரு பக்கத்தையும் பார்த்து நடுவை இட்டு நிரப்பும். ஒரே தடவையில் 128 மாதிரிகளுக்கு மேல் அது வாங்காது, மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. ஆகவே பெரிதாக்காமல் அதைச் செய்யவே முடியாது. மற்ற எல்லா வேலைக்கும் ஒரு திரைக்கு ஐந்திலிருந்து பத்து விநாடி என்பதே எனக்குச் சரியாக இருக்கிறது. சொல் சொல்லாகத் தெரியும், வாக்கியமும் கைவிட்டுப் போகாது.

25 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 9.15

நேற்று எழுதியதைப் படித்தேன். "ஐந்திலிருந்து பத்து விநாடி" என்பது பேச்சுக்கு. தாலாட்டுக்கு அது பொருந்தாது. ஆராரோ என்று ஓர் இழுப்பே ஆறு விநாடி போகிறது. பாட்டுக்கு அரை நிமிடம் வையுங்கள்.

31 ஆகஸ்ட், சனி, பகல் 11.30

மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறை, கடை பூட்டு. தங்கை புது ஏற்றத்தை அனுப்பியிருந்தார். வெளியே ஊர்வலத்துக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம், சன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

கண்ட்ரோல்-எஃப். 17-லிருந்து 20 வரை இழுத்து, கண்ட்ரோல்-ஈ. நேர் அளவில் பார்த்தால் 18.20-லிருந்து 19 வரை சுத்தமான தட்டை. டெசிபலுக்கு மாற்றினேன். புல்தரை எழுந்தது, அதற்கு மேலே 18.40-ஐ ஒட்டி ஒரு சின்ன மேடு. பெயராகவும் இருக்கலாம், தட்டு விழுந்த சத்தமாகவும் இருக்கலாம். டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு, அதாவது எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஒலிக்கிறது என்று காட்டும் படத்துக்குப் போனேன். இதைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரைச்சல் அதில் மூடுபனி மாதிரி எங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடக்கும். மனிதக் குரல் அப்படி இருக்காது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் அடுக்கிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். மூடுபனிக்குள் ஒரு படிக்கட்டு இருந்தது. இரண்டு அசை. இரண்டாவது அசையில் படிகள் எல்லாம் சேர்ந்து மேலே வளைகின்றன. கூப்பிடும்போது குரலை உயர்த்துவோமே, அந்த வளைவு.

துண்டைத் தேர்ந்தெடுத்து ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் சத்தத்தைக் கூட்டினேன். நாலு தடவை கேட்டேன். பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கைவிட்டு எழுந்து போய், சமையல்கட்டுப் பக்கம் நின்று கூப்பிடுகிறார். அதனால்தான் அவ்வளவு தூரம்.

18 நிமிடம் 41 விநாடி. கணக்கு நாற்பது விநாடி தள்ளிப்போனதற்கு மாமா பெட்டியின் பெல்ட்டைக் குறை சொல்லிக்கொள்கிறேன்.

31 ஆகஸ்ட், இரவு 9.00

அடையாளச் சீட்டுகளை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி வரும். தொடக்கம் எத்தனையாவது விநாடி, முடிவு எத்தனையாவது விநாடி, பிறகு நீங்கள் எழுதிய சொல். தங்கைக்கு ஒலியோடு அதையும் அனுப்பினேன். மாமாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதில் ஒரு வரி 1121.3, 1122.0, "அக்கா பேர்".

பெயரை நான் மாற்றவில்லை, மாமா எழுதியபடியே விட்டேன்.

1 செப்டம்பர், ஞாயிறு, காலை 7.40

அம்மாவிடம் போட்டுக் காட்டினாராம். கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "கூப்பிட்டதுக்கு அப்புறம் என்னமோ சொல்லுதே, அது என்ன?"

கோப்பை மறுபடி திறந்தேன். நான் பெயரோடு வெட்டிவிட்டேன். அடுத்த மூன்று விநாடியில் இன்னும் சின்னதாக ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஹெட்போனில் சத்தத்தை முழுதும் வைத்துக் கேட்டேன், பிடிபடவில்லை. அப்படியே வெட்டாமல் நீட்டி அனுப்பினேன். அம்மாவுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டதாம்.

"அடுப்பைப் பாரு, சோறு பொங்குது."